10-க்கு 10 அறையில் ஹோம் ஸ்டூடியோ: 60,000 ரூபாயை எதில் போடலாம்?

வலந்தலை_திருச்சி

எல்லோருக்கும் வணக்கம். ஸ்ரீரங்கத்தில் இருக்கிறேன். மிருதங்கம் வாசிக்கிறேன், தங்கை பாடுவாள். நாங்களே மெட்டுப் போட்ட பக்திப் பாடல்கள் கொஞ்சம் சேர்ந்திருக்கின்றன. அவற்றை வீட்டிலேயே பதிவு செய்ய ஆசை. கூடவே நண்பர்கள் எடுக்கும் குறும்படங்களுக்குப் பின்னணி இசையும் செய்து பார்க்க வேண்டும்.

கையில் 60,000 ரூபாய் இருக்கிறது. விண்டோஸ் லேப்டாப் ஒன்று உண்டு, ஐ5, 8 ஜிபி ரேம். மாடியில் ஓர் அறையை வீட்டில் ஒதுக்கிக் கொடுத்துவிட்டார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றும் 10 அடி. ஒரே ஜன்னல், அதுவும் தெருப்பக்கம்.

கடையில் விசாரித்தபோது ஒரு கண்டென்சர் மைக் (மெல்லிய ஒலியையும் பிடிக்கும் வகை), பதிவைக் கேட்டுச் சரிபார்க்க 5 இன்ச் மானிட்டர் ஸ்பீக்கர் ஒரு ஜோடி, லேப்டாப்பில் உள்ள வாத்தியங்களை வாசிக்க 49 கட்டை மிடி கீபோர்ட், மைக்கை லேப்டாப்போடு இணைக்க ஒரு மைக் மட்டும் போடக்கூடிய இன்டர்ஃபேஸ், சுவர் முழுக்க ஒட்டுவதற்கு ஃபோம் என்று எழுதிக் கொடுத்தார்கள். பதிவு செய்யச் சாஃப்ட்வேர் எது என்று கேட்டால் எஃப்எல் ஸ்டூடியோ, க்யூபேஸ், ரீப்பர், ஏபிள்டன் என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எதிலிருந்து ஆரம்பிப்பது?

கோவை_பீட்ஸ்

ப்ரோ, எஃப்எல் ஸ்டூடியோ. ஒருமுறை காசு கொடுத்தால் போதும், பிறகு வரும் அத்தனை அப்டேட்டும் ஆயுசுக்கும் இலவசம். 1997-இல் ஃப்ரூட்டி லூப்ஸ் என்ற பேரில் வந்தது அது. தாளத்தையும் மெலடியையும் வேகமாகக் கட்டுவதற்கு அதன் பியானோ ரோலை (ஸ்வரங்களைக் கட்டங்களில் வரையும் திரை) இன்று அடித்துக்கொள்ள ஆள் இல்லை. குறும்படத்துக்கு ஒரு பீட் வேண்டுமென்றால் டீ குடித்து முடிப்பதற்குள் ஒரு வடிவம் வந்துவிடும்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். ஃப்ரூட்டி என்ற ஆரம்பப் பதிப்பில் மைக் வழியாகக் குரலைப் பதிவு செய்து டிராக்கில் வைக்க முடியாது. அதற்குப் புரொட்யூசர் பதிப்பு வேண்டும். விலை குறைவாக இருக்கிறதே என்று சின்னதை வாங்கிவிடாதீர்கள்.

சிக்னல்செயின்

தம்பி, உங்கள் பதிவில் முக்கியமான தகவல் சாஃப்ட்வேரும் இல்லை, லேப்டாப்பும் இல்லை. மூன்று பக்கமும் 10 அடி என்று சொன்னீர்களே, அதுதான். அதைப் பற்றி முதலில் பேசிவிடுவோம்.

எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே, அந்தத் தூரத்தைப் போல இரண்டு மடங்கு அலைநீளமுள்ள ஒலி சிக்கிக்கொண்டு பலமாகும். 10 அடி என்றால் ஏறக்குறைய 57 ஹெர்ட்ஸ். பேஸ் கிட்டாரின் தடித்த கம்பிக்கு அடுத்த கம்பியைத் திறந்து மீட்டினால் வரும் ஸ்வரம் 55 ஹெர்ட்ஸ், கிட்டத்தட்ட அதே இடம். நீளமும் அகலமும் வேறு வேறாக இருந்தால் இந்தத் தொந்தரவு வெவ்வேறு ஸ்வரங்களுக்குப் பிரிந்து போகும். உங்கள் அறையில் மூன்றும் ஒரே இடத்தில் வந்து விழுகின்றன. 57, 114, 171 என்று அதன் மடங்குகளிலும் அதே கதைதான்.

இதைக் காதாலேயே தெரிந்துகொள்ளலாம். வீட்டில் கொஞ்சம் பெரிய ஸ்பீக்கர் இருந்தால் அறையின் ஒரு மூலையில் வைத்து 57 ஹெர்ட்ஸ் சைன் வேவ் போடுங்கள். எதிர் மூலையில் நின்றால் நெஞ்சை அடைக்கும். மெல்ல நடந்து அறையின் நட்டநடுவுக்கு வாருங்கள், காது உயரத்தில் ஒலி கிட்டத்தட்ட மறைந்துவிடும். ஸ்பீக்கர் மாறவில்லை, வால்யூம் மாறவில்லை. அந்த நடு இடத்தில் நாற்காலி போட்டு மிக்ஸ் செய்பவர் (பதிவுகளைக் கலந்து அளவு சேர்ப்பவர்), பேஸ் போதவில்லை என்று ஏற்றிக்கொண்டே போவார். அதே பாட்டைக் காரில் போட்டால் கண்ணாடி அதிரும்.

அதனால் மானிட்டர் ஸ்பீக்கரை இப்போதைக்குப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். யமஹா எச்எஸ்5, ஜேபிஎல் 305பி எல்லாம் நல்ல ஸ்பீக்கர்கள்தான். இந்த அறையில் அவற்றின் அருமை தெரியாது. அந்தக் காசில் நல்ல ஹெட்போன் ஒன்று வாங்கினால் அறையின் குறை உங்கள் மிக்ஸுக்குள் வராது. சோனி எம்டிஆர்-7506, பேயர்டைனமிக் டிடி 770 இரண்டில் எது கிடைத்தாலும் சரி. இரண்டும் மூடிய வகை என்பதால் பாடும்போதும் உதவும்.

ஃபோமும் வேண்டாம். ஒரு இன்ச் ஃபோம் மேல்ஸ்தாயி ஒலியை மட்டும் உறிஞ்சும். கீழ்ஸ்தாயி இரைச்சலைத் தொடவே தொடாது. சுவர் முழுக்க ஒட்டினால் குரலின் பளபளப்பு போய், பேஸ் மட்டும் கும்மென்று மிஞ்சும். முட்டை அட்டை ஒட்டுவதும் அப்படித்தான், அதில் தூசியும் கரப்பானும் கூடுதல்.

ராக்வூல் (பாறையிழைப் பஞ்சுப் பலகை) வாங்குங்கள். கட்டடப் பொருள் கடைகளில் ஏசி வேலை செய்பவர்களுக்காக வைத்திருப்பார்கள். ஒரு கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தி, 50 மில்லிமீட்டர் கனம் என்று கேளுங்கள். இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, தச்சரிடம் சொல்லி மரச்சட்டம் அடித்து, பருத்தித் துணியால் மூடினால் ஒரு பேனல் ஆயிற்று. முதலில் நான்கு மூலைகள், அப்புறம் பாடுபவருக்குப் பின்னால் உள்ள சுவர்.

நித்யஸ்ருதி

மேலே சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். பேனல் வருகிற வரைக்கும் ஒரு வழி சொல்கிறேன் தம்பி. வீட்டில் இலவம்பஞ்சு மெத்தை இருந்தால் தங்கை நிற்கும் இடத்துக்குப் பின்னால் சுவரில் சாய்த்து நிறுத்துங்கள். பக்கவாட்டில் இன்னொன்று. மைக் தன் முன்பக்கம் கேட்பதைத்தான் அதிகம் பிடிக்கும். பாடுபவரின் முதுகுக்குப் பின்னால் இருக்கும் சுவர்தான் அதன் கண்ணெதிரே இருக்கிறது. பலர் மைக்குக்குப் பின்னால் மட்டும் ஏதாவது வைத்துவிட்டு அறை எதிரொலிக்கிறது என்பார்கள்.

நம் ஊரில் பெரிய எதிரி சீலிங் ஃபேன். அதை நிறுத்தாமல் குரல் பதிவு செய்யவே முடியாது. பிறகு சாஃப்ட்வேரில் இரைச்சலை எடுத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள், எடுத்தால் மெல்லிய கமகங்களும், வரி முடிவில் வருகிற மூச்சும் சேர்ந்து போய்விடும். ஒரு சரணம், பிறகு ஃபேன், மறுபடி ஒரு சரணம் என்று பழகிக்கொள்ள வேண்டும். தெருப்பக்கம் ஜன்னல் என்பதால் இரவு 11-க்கு மேல் வைத்துக்கொண்டால் நல்லது.

தம்புரா விஷயமும் இருக்கிறது. ஹெட்போனில் தம்புராவைப் பலமாக வைத்துக்கொண்டு ஒரு காதை விலக்கிப் பாடினால், அந்தத் திறந்த பக்கத்திலிருந்து ஒலி கசிந்து மைக்கில் ஏறிவிடும். பின்னால் பல்லவியை வெட்டி ஒட்டும்போது அந்தக் கசிவு துண்டு துண்டாகக் கேட்கும். விலக்குகிற பக்கத்தின் ஒலியை மட்டும் நிறுத்தி வையுங்கள்.

பருத்தித்துறைக்காரன்

நான் பாவிப்பது ரீப்பர்தான். பழைய மடிக்கணினி, 4 ஜிபி ரேம், ஒரு சத்தமும் போடாமல் ஓடுகிறது. 60 நாள் எந்தத் தடையும் இல்லாமல் முழுசாகப் பாவித்துப் பார்க்கலாம். பிறகு 60 டொலர். தனியாகச் செய்கிறவர்களுக்கு அந்த அனுமதியே காணும், வருடத்துக்கு 20,000 டொலருக்கு மேல் இதில் உழைத்தால்தான் 225 டொலர்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். அதற்குள் வாத்தியங்கள் எதுவும் பெரிசாக இல்லை. எஃப்எல்லைத் திறந்தவுடன் கிடைக்கிற மாதிரி ட்ரம்ஸ், சிந்த் (மின்னணு ஒலி வாத்தியம்) என்று எதிர்பார்க்கக் கூடாது. வைட்டல், சர்ஜ் எக்ஸ்டி இரண்டும் காசில்லாத சிந்த்கள், எடுத்துப் போடுங்கோ. ஸ்பிட்ஃபயர் கம்பெனியின் லாப்ஸ் என்ற தொகுப்பில் பியானோ, தந்தி வாத்தியங்கள் இருக்கு. பின்னணி இசைக்கு இவை தாராளம். களவாக உடைத்த பிளக்இன் (ரீப்பர் மாதிரிச் சாஃப்ட்வேருக்குள் சேர்க்கிற துணை மென்பொருள்) பக்கம் மட்டும் போக வேண்டாம். அதோடு வருகிற வைரஸ் உங்கட பாட்டுகளையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும்.

கோவை_பீட்ஸ்

@பருத்தித்துறைக்காரன் ரீப்பர் நல்லதுதான் அண்ணா, ஆனால் புதிதாக வருபவர் அந்தத் திரையைப் பார்த்தால் பயந்துவிடுவாரே? மெனுவுக்குள் மெனு. குறும்பட இசைக்கு மனதில் வந்ததை உடனே பிடித்துவைக்க எஃப்எல்தான் வசதி.

சிக்னல்செயின்

@கோவை_பீட்ஸ் உங்கள் வேலைக்கு எஃப்எல் சரிதான். லூப்பை அடுக்கிக் கட்டும் இசைக்கு அதுவும் ஏபிள்டனும் பிறவிப் பொருத்தம். இவர் வேலையில் முக்கால் பங்கு மைக் வைத்துப் பதிவு செய்வது. இருபது நிமிடம் நிறுத்தாமல் பாடி வாசித்து, அதில் நல்ல பகுதிகளைத் தேர்ந்தெடுத்து ஒட்டுவது. க்யூபேஸும் ரீப்பரும் அதற்கென்றே வளர்ந்தவை. இன்று எல்லோரும் சொல்கிற விஎஸ்டி பிளக்இன் வடிவத்தை 1996-இல் கொண்டுவந்ததும், அடுத்த வருடம் ஒலித் தாமதத்தைக் குறைக்கும் ஏஎஸ்ஐஓ டிரைவரைக் கொடுத்ததும் க்யூபேஸ் செய்கிற ஸ்டைன்பெர்க்தான். நல்ல சாஃப்ட்வேர், ஆனால் பெரிய பதிப்பின் விலை இந்தப் பட்ஜெட்டுக்கு இடிக்கும். லாஜிக் என்ற சாஃப்ட்வேர் பற்றி யாராவது சொன்னால் கேட்க வேண்டாம், 2002-இல் ஆப்பிள் அதைச் செய்த கம்பெனியை வாங்கியதிலிருந்து அது மேக்குக்கு மட்டும்.

கேட்பவர் காதுக்கு எதில் செய்தீர்கள் என்று தெரியாது. வேறு ஸ்டூடியோவுக்கு அனுப்ப வேண்டுமானால் ஒவ்வொரு டிராக்கையும் பாட்டின் தொடக்கப் புள்ளியிலிருந்து வேவ் ஃபைலாக எடுத்துக் கொடுத்தால் போதும். சினிமா ஸ்டூடியோக்களில் இருக்கும் புரோ டூல்ஸ் அதை எந்தச் சாஃப்ட்வேரிலிருந்து வந்தாலும் திறக்கும்.

வலந்தலை_திருச்சி

எல்லோருக்கும் நன்றி. நித்யா அக்கா, வீட்டில் பாட்டியின் இலவம்பஞ்சு மெத்தை இரண்டு இருக்கின்றன, கேட்டுப் பார்க்கிறேன்.

மிருதங்கத்துக்கு ஒரு மைக் போதுமா? தங்கை பாடும்போதே நானும் சேர்ந்து வாசித்தால்தான் எங்களுக்கு உயிர் வரும். மெட்ரோனோமுக்கு வாசித்தால் எனக்கே பிடிக்கவில்லை.

சிக்னல்செயின்

மிருதங்கத்துக்கு இரண்டு மைக். ஒரே மைக்கை முன்னால் வைத்தால் வலந்தலையின் (வலப்பக்கத் தோல்) நம், தீம், சாபு என்ற சொற்கள் தெளிவாக வரும், தொப்பி (இடப்பக்கத் தோல்) எங்கோ அடுத்த அறையில் கேட்பது போல இருக்கும்.

வலந்தலைக்கு கண்டென்சர், உதாரணமாக ஆடியோ டெக்னிக்கா ஏடி2020. ஒரு சாணுக்குக் குறையாத தூரம், கரணையின் (நடுவிலுள்ள கருப்புப் பூச்சு) நடுவைப் பார்க்காமல் விளிம்பிலுள்ள மீட்டுத் தோல் பக்கம் கொஞ்சம் திருப்பி. கரணைக்கு நேராக வைத்தால் விரல் படும் டிக்கென்ற சத்தம் மட்டும் முன்னால் வரும். தொப்பிக்கு ஷ்யூர் எஸ்எம்57. இதுபோன்ற ஒருதிசை மைக்கை அருகே கொண்டுபோகப் போகக் கீழ்ஒலி தடிக்கும். அரைச் சாணில் தொடங்கி, கையை அழுத்தித் தேய்த்துக் கும்கி கொடுக்கும்போது உருளும் அந்த ஒலி முழுசாகக் கேட்கிற இடம் வரை மெல்ல நகர்த்துங்கள். கை வீச்சில் வரும் காற்று நேரே மைக்கில் படாமல் சாய்த்து வையுங்கள். தொப்பியில் ஒட்டும் ரவை காய்ந்தால் அதன் ஒலி மாறும் என்பது எனக்கு நீங்கள் சொல்லித்தர வேண்டிய விஷயம். ஒரு பாட்டைத் துண்டு துண்டாக எடுப்பதாக இருந்தால் அதே ஈரத்தில் எடுங்கள், ஒட்டும்போது மாறி ஒலித்தால் எந்த ஈக்யூவும் (ஒலியின் தன்மையை மாற்றும் கருவி) சரிசெய்யாது.

இரண்டு மைக்கும் ஒரே வாத்தியத்தை எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து கேட்பதால் ஒன்றை ஒன்று தின்னும் ஆபத்து உண்டு. ரீப்பரில் ஒவ்வொரு டிராக்கிலும் பூஜ்யத்தின் குறுக்கே கோடு போட்ட மாதிரி ஒரு பட்டன் இருக்கும். தொப்பி டிராக்கில் அதை அழுத்தியும் எடுத்தும் கேளுங்கள். எந்த நிலையில் தொம் கனமாக வருகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். ரீப்பரில் பதிவுத் தரத்தை 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் என்று வையுங்கள். பலமான சொல்லுக்கு மீட்டர் மைனஸ் 12 டெசிபலைத் தொட்டால் போதும், சிவப்புப் பக்கம் போகவே வேண்டாம்.

இன்டர்ஃபேஸில் இரண்டு மைக் உள்ளீடாவது வேண்டும் என்பது இதனால்தான். ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 போதும். கண்டென்சர் வேலை செய்யத் தேவையான 48 வோல்ட்டைப் போட்டால் அது இரண்டு பக்கமும் போகும், பயப்பட வேண்டாம், சரியான எக்ஸ்எல்ஆர் கேபிளில் எஸ்எம்57-க்கு ஒன்றும் ஆகாது. குரலையும் சேர்த்து மூன்று மைக் ஒரே நேரத்தில் வேண்டுமானால் பெயரைப் பார்த்து 4ஐ4 வாங்கிவிடாதீர்கள். அதில் நான்கு உள்ளீடு இருந்தாலும் மைக் போடக்கூடியவை இரண்டுதான். பெரிங்கர் யுஎம்சி404எச்டி-யில் நான்கிலும் மைக் போடலாம், விலையும் கட்டுப்படியாகும்.

ஆனால் 10 அடி அறையில் இரண்டு பேரும் சேர்ந்து எடுத்தால் குரல் மைக்கில் மிருதங்கம் கொட்டும். முதலில் இருவரும் சேர்ந்து முழுப் பாட்டையும் ஒரே மூச்சில் எடுங்கள், வலந்தலையில் ஒன்று, குரலுக்கு ஒன்று. அதை வழிகாட்டியாக ஹெட்போனில் வைத்துக்கொண்டு முதலில் மிருதங்கம், அப்புறம் குரல் என்று தனித்தனியாகத் திரும்ப எடுங்கள். உங்கள் காலப்பிரமாணத்திலேயே போகும், மெட்ரோனோம் தேவையில்லை.

கமகம்49

மிடி கீபோர்ட் பற்றி யாரும் பேசவில்லையே. 49 கட்டை இப்போது வேண்டாம் என்பதுதான் என் கருத்து, ஆனால் வாங்கும்போது பிட்ச் பெண்ட் (ஸ்வரத்தை மேலும் கீழும் வளைக்கும் பகுதி) எப்படி இருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள். நம் இசைக்கு அதுதான் முக்கியம். அகாய் எம்பிகே மினியின் இரண்டாம், மூன்றாம் தலைமுறைகளில் சின்ன ஜாய்ஸ்டிக்தான். ஆர்டூரியா மினிலாபில் தொடுபட்டை. நோவேஷன் லாஞ்ச்கீ 49-இல் தனிச் சக்கரம். காந்தாரத்தை அசைக்கும்போது சக்கரத்தில் கட்டைவிரலுக்குக் கிடைக்கும் பிடி மற்ற இரண்டிலும் வராது.

பெரும்பாலான மென்வாத்தியங்களில் (சாஃப்ட்வேர் வாத்தியங்கள்) பெண்ட் அளவு மேலே இரண்டு, கீழே இரண்டு அரைஸ்வரம் என்று வைத்திருப்பார்கள். ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்லும் ஜாருவுக்கு அது பத்தாது. ஐந்தோ ஏழோ ஆக்கிக்கொள்ளுங்கள். மிடியில் பிட்ச் பெண்டுக்கு 16,384 படிகள் இருப்பதால் அளவைக் கூட்டினாலும் படிக்கட்டு போலக் கேட்காது.

தங்கை 5½ கட்டையில் பாடுவதாக வைத்துக்கொண்டால் பியானோவில் அது ஜி ஷார்ப். மென்வாத்தியங்கள் எல்லாம் 440 ஹெர்ட்ஸை அளவாக வைத்துச் சுருதி சேர்த்தவை. மிருதங்கத்தையும் தம்புராவையும் காதளவில் சேர்த்துவிட்டுப் பிறகு அவற்றோடு கலந்தால் உரசும். பதிவுக்கு முன் ட்யூனர் வைத்துச் சேர்த்துவிடுங்கள்.

மதுரை_எர்த்

ரெக்கார்டிங்கில் ம்ம்ம் என்று ஓர் இரைச்சல் வந்தால் மைக்கைக் குறை சொல்லாதீர்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அந்த இரைச்சல் 50-லும் 100-லும் நிற்கும். முதலில் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள். நின்றுவிட்டால் எர்த் கோளாறு. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த அறையின் ப்ளக்கில் எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், பழைய வீடுகளில் மூன்றாவது ஓட்டை வெறும் அலங்காரத்துக்கு இருக்கும். எல்லாக் கருவிகளையும் ஒரே எக்ஸ்டென்ஷனிலிருந்து எடுங்கள். இரைச்சலை நிறுத்துவதற்காக எர்த் பின்னை உடைப்பவர்கள் உண்டு, உயிருக்கு ஆபத்து, செய்யவே செய்யாதீர்கள்.

ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஓடும்போதும் ரெக்கார்டிங் வேண்டாம். கரண்ட் போனால் லேப்டாப் பேட்டரியிலேயே ஓட்டுங்கள். யுஎஸ்பி-யில் ஓடும் இன்டர்ஃபேஸுக்கு அது தாங்கும்.

வலந்தலை_திருச்சி

ஓர் உறவினர், வீட்டில் எடுத்தால் வீட்டில் எடுத்த மாதிரிதான் இருக்கும், வெளியில் ஸ்டூடியோ வாடகைக்கு எடு என்கிறார். அதுவும் யோசிக்க வேண்டிய விஷயமா?

சிக்னல்செயின்

ஏ.ஆர். ரஹ்மானின் பஞ்சதன் ஸ்டூடியோ கோடம்பாக்கத்தில் அவர் வீட்டுப் பின்புறத்தில்தான் தொடங்கியது. வீடு என்பது குறையில்லை. ஆனால் அது ஒலிப்பதிவுக்கென்றே திட்டமிட்டுக் கட்டிய அறை. நான் ராக்வூலைப் பிடித்துக்கொண்டு பேசுவதும் அதற்காகத்தான். பெரிய பாட்டுக்கு ஒருநாள் ஸ்டூடியோவுக்குப் போவதில் தவறில்லை. ஆனால் வாடகை மணி ஓடும்போது தொப்பி மைக்கை அரை அங்குலம் நகர்த்திப் பார்க்க யாருக்கும் மனசு வராது. அதை வீட்டில்தான் பழக முடியும்.

வலந்தலை_திருச்சி

சரி, இப்படி முடிவு செய்திருக்கிறேன். ஸ்கார்லெட் 2ஐ2, ஏடி2020, எஸ்எம்57, எம்டிஆர்-7506, இரண்டு ஸ்டாண்ட், பாடும்போது மைக்கில் காற்று அடிக்காமல் தடுக்க ஒரு பாப் ஃபில்டர், ரீப்பர். மிச்சத்தில் ராக்வூல். மானிட்டரும் கீபோர்டும் அடுத்த வருடம். நாளை தச்சரைப் பார்க்கிறேன், 4 அடிக்கு 2 அடி, எட்டுச் சட்டம். அளவு சரியா? அப்புறம் இன்னொன்று, ஹெட்போனில் குரல் தாமதமாகக் கேட்கும் என்கிறார்களே?

சிக்னல்செயின்

தாமதத்துக்கு ஸ்கார்லெட்டில் டைரக்ட் மானிட்டர் பட்டன் இருக்கிறது. அதை அழுத்தினால் குரல் லேப்டாப்புக்குள் போகாமல் நேரே காதுக்கு வரும். அப்போது ரீப்பரில் அந்த டிராக்கின் மானிட்டரிங்கை நிறுத்திவிடுங்கள், இல்லையென்றால் இரண்டு முறை கேட்கும். மிக்ஸ் செய்யும்போது பஃபரை (லேப்டாப் ஒரு தடவையில் எடுத்துக்கொள்ளும் ஒலியின் அளவு) 512-க்கு ஏற்றிக்கொள்ளலாம். 8 ஜிபி ரேமைப் பின்னணி இசை தொடங்குவதற்கு முன் 16 ஆக்கிவிடுங்கள்.

மிக்ஸின் அடிப்பாகத்தைக் கண்ணாலும் சரிபார்க்க ஒலியைப் படமாகக் காட்டும் வோக்ஸெங்கோ ஸ்பான் என்ற இலவச பிளக்இன்னைப் போட்டுக்கொள்ளுங்கள். ஹெட்போனில் தெரியாத கீழ்ஒலி அதில் தெரிந்துவிடும்.

சட்டத்தின் அளவைக் கடையில் ராக்வூல் பலகையை அளந்த பிறகு சொல்லுங்கள், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஆழம் 4 அங்குலம். பின்பக்கம் பலகை அடிக்க வேண்டாம், அங்கேயும் துணிதான். சுவரை ஒட்டி மாட்டாமல் 4 அங்குலம் தள்ளி மாட்டினால் அதே ராக்வூல் இன்னும் கீழே வரைக்கும் வேலை செய்யும். வெட்டும்போது கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள், அந்த இழை தோலை அரிக்கும். துணியால் மூடி முடிக்கும்வரை தங்கையை அந்த அறையில் பாட விடாதீர்கள்.